யாருடைய ‘நான்’?

1966இல் அயர்லாந்தின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டுகளில் ஒன்று, ரோட்டோரம் வண்டி நிறுத்திக் கூடாரம் போட்டு வாழ்கிற டிராவலர் ஒருவர் ‘நான்’ என்று தன் வாயால் சொல்லிப் பாடுவதுபோல எழுதப்பட்டது. பாட்டின் பேர் ‘தி டிராவலிங் பீப்பிள்’. பாடியவர்கள் ஏட்ரியன், லூசி, மைக்கேல் என்று ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேர். ‘தி ஜான்ஸ்டன்ஸ்’ என்ற பேரில் அவர்கள் கொண்டுவந்த முதல் தட்டே இதுதான். மூவரும் டிராவலர்கள் அல்ல. தட்டை வாங்கினவர்களும், குடிக்கும் இடத்தில் உட்கார்ந்து கூடச் சேர்ந்து பாடினவர்களும் பெரும்பாலும் அல்ல. ஊருக்குள் வீடும் விலாசமும் உள்ளவர்கள். அப்படியானால் அந்தப் பாட்டில் ‘நான்’ என்று சொன்னது யார்?

பாட்டு நல்லாயிருக்கா இல்லையா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லாயிருக்கு. மீத் மாவட்டத்தில் ஸ்லேன் என்ற சின்ன ஊர். அங்கே மதுக்கடை நடத்திய குடும்பம். மூன்று குரலும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக, கிட்டத்தட்ட உரசிக்கொண்டே நடக்கும். ஒரு குரல் மெட்டைத் தூக்கிக்கொண்டு போனால், மற்ற இரண்டும் அதற்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் ஒட்டியே வரும். சர்ச்சுப் பாடகர் குழுவில் நம்ம ஆட்கள் குரல் பிரித்துப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். ஆனால் அங்கே நாலு குரலும் தள்ளித் தள்ளி நிற்கும். இங்கே நடுவில் ஒரு தாள் நுழையாது. அதுவும் கூடப் பிறந்தவர்கள். ஒரே அடுப்படியில் பேச்சு பழகின வாய்கள். ‘அ’வையும் ‘ஓ’வையும் ஒரே மாதிரி திறந்து ஒரே மாதிரி மூடுவார்கள். மூன்று பேர் பாடுகிறார்கள் என்பதே சில இடத்தில் மறந்துபோகும்.

பிறகு 1967 வாக்கில் மிக் மலோனியும் பால் பிரேடியும் வந்து சேர்ந்தார்கள், மைக்கேல் விலகினார். 1969இல் மரபுப் பாட்டுகளை ஒரு தட்டிலும் புதுப் பாட்டுகளை இன்னொரு தட்டிலும் பிரித்துப் போட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் குழு கலைந்தது. அந்தக் கதையை இசை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த முதல் தட்டுதான் முக்கியம்.

ஏனென்றால் அது வந்த காலம் அப்படி. 1960இல் அயர்லாந்து அரசு ஒரு ஆணைக்குழு போட்டது. ‘இட்டினரன்சி’ ஆணைக்குழு என்று பேர். அலைந்து திரிவது என்பதையே ஒரு நோயின் பேர் மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். அதற்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள்: இந்த மக்கள் கணிசமான எண்ணிக்கையில் நாட்டில் இருப்பதால் எழும் பிரச்சினையை ஆராய்வது. அவர்களுக்கு இருக்கிற பிரச்சினை இல்லை. அவர்கள் இருப்பதுதான் பிரச்சினை. அவர்களைப் பொதுச் சமூகத்துக்குள் கரைத்துவிடுவதற்கு வழி சொல்ல வேண்டும் என்பதும் அந்த வேலையில் சேர்த்தி. போலீசை வைத்துத் தலை எண்ணினார்கள். 1,198 குடும்பங்கள் என்று கணக்கு வந்தது. குழுவில் ஒரு டிராவலர்கூடக் கிடையாது. 1963இல் அறிக்கை வந்தது. இவர்கள் தனி இனம் என்பதை அது ஏற்கவில்லை. தங்களுக்கென்று மின்கேர் என்றும் பவீ என்றும் பேர் வைத்துக்கொண்டவர்கள், கேமன் என்று தனிப் பேச்சு வைத்திருந்தவர்கள், தகரம் தட்டிப் பாத்திரம் செய்தவர்கள், குதிரை வியாபாரம் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கையெழுத்தில் ‘அலைபவர்கள்’ ஆகிப் போனார்கள். அதற்கு முன்னால் ஊர்க்காரன் கூப்பிட்ட பேர் ‘டிங்கர்’. தகரத் தட்டான் என்பதுதான் அர்த்தம். வாயில் வரும்போது வசவு. ஊரான் வைத்த பேர், சர்க்கார் வைத்த பேர், தானே வைத்துக்கொண்ட பேர் என்று மூன்று பேரோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கரைப்பது என்றால் காகிதத்தில் எழுதியதோடு நின்றுவிடவில்லை. டப்ளினில் பாலிஃபெர்மட் பக்கம் செர்ரி ஆர்ச்சர்டு என்ற இடத்தில் டிராவலர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1964 தொடக்கத்தில் மாநகராட்சி அதை இடித்துத் தள்ளியது. வெளியேற்றத்தை எதிர்த்து அவர்கள் அங்கே கூட்டமாக நின்று போராடினார்கள். அதற்கு இரண்டு வருசம் கழித்து அதே நாட்டில், அதே டப்ளினில், டிராவலரின் ‘நான்’ பட்டியலில் முதலிடம். பள்ளிக்கூடத்தை இடிக்கிற ஊருக்கு இந்தப் பாட்டைப் பாட வாய் எப்படி வந்தது என்ற கேள்வி ரொம்ப நாளாக என்னை அரிக்கிறது. பாசாங்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது சுலபம், ஆனால் போதாது. பாசாங்கு செய்கிறவனுக்குத் தான் செய்வது தெரியும். இவர்கள் உண்மையாகவே உருகித்தான் பாடினார்கள். அதுதான் சிக்கல்.

பாட்டுக்குள் போவோம். எழுதியவர் யூவன் மக்கால். பொதுவுடைமைக்காரர், சால்ஃபர்டு தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. அவரும் பெகி சீகரும் சார்ல்ஸ் பார்க்கரும் சேர்ந்து பிபிசி வானொலிக்கு ‘ரேடியோ பாலட்’ என்ற வரிசையைச் செய்தார்கள். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சம்பந்தப்பட்ட மக்களிடமே போவது, அவர்கள் பேச்சை நடிகர் யாரையும் வைத்துத் திருப்பிச் சொல்லாமல் அப்படியே ஒலிபரப்புவது, அந்தப் பேச்சின் சொல்லையும் மூச்சையும் எடுத்துப் பாட்டுக் கட்டுவது. இது அவர்கள் முறை. பிரிட்டனின் ஜிப்சிகளையும் டிராவலர்களையும் பற்றிய நிகழ்ச்சி 1964இல் வந்தது. ‘தி டிராவலிங் பீப்பிள்’ அதற்காகக் கட்டிய பாட்டு. அந்த நிகழ்ச்சியில் டிராவலர் பெண்கள் பேசுகிறார்கள். ரோட்டோரம் பிள்ளை பெற்றதையும் போலீஸ் விரட்டியதையும் சொல்கிறார்கள். அவர்களை வெறுக்கிற ஊர்க்காரர்களும் பேசுகிறார்கள். கடைசியில் ஒரு நகரமன்றப் பிரமுகரின் குரல் வருகிறது. திருத்த முடியாதவர்களை ஒழித்துக்கட்டத்தான் வேண்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியம். அதோடு நிகழ்ச்சி முடிகிறது. எந்த இசையும் அதை ஆற்றுவதில்லை.

அந்த நிகழ்ச்சிக்குள் இருந்தவரை பாட்டுக்குப் பக்கத்திலேயே அந்த வெறுப்புக் குரலும் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். பாட்டை மட்டும் பிய்த்தெடுத்துத் தட்டில் போட்டபோது நகரமன்றக்காரர் உதிர்ந்துபோனார். போலீஸ்காரன் உதிர்ந்துபோனான். மிச்சம் இருந்தது என்ன? கட்டற்றுப் பிறந்தவன், வயல், குளிர்காலம், தங்கி வந்த இடங்கள், ஒரு ஏக்கம். கடைசியில், காலம் மாறுது, காற்று மாறி அடிக்குது, உங்க அலைச்சல் நாளெல்லாம் முடியப்போகுது என்று ஒரு விடைபெறல்.

இந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். காற்று எந்தப் பள்ளிக்கூடத்தையும் இடிக்கவில்லை. காற்று தலை எண்ணவில்லை. ஆணைக்குழு எண்ணியது, மாநகராட்சி இடித்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கையைச் சட்டம் போட்டு முடித்துவைக்கிற வேலையைப் பருவம் மாறுகிற மாதிரி இயற்கையின் காரியமாக மாற்றித் தருகிறது அந்தக் கடைசிப் பகுதி. மக்கால் அந்த நோக்கத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். நிகழ்ச்சியில் அது எச்சரிக்கையாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் தட்டில் அது ஒப்பாரி ஆகிவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட ஒப்பாரி! சாகாதவனுக்கு, சாகச் சொல்கிறவன் வைக்கிற ஒப்பாரி. ஆதிக்கச் சமூகத்துக்கு இதைவிட வசதியான பாட்டு வேறென்ன இருக்கிறது? கண்ணீரும் விடலாம், பொறுப்பும் இல்லை.

இங்கேதான் அந்த நெருக்கமான குரல் இசைவு வேலை செய்கிறது. குரல் இசைவு வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. அயர்லாந்தின் பழைய பாட்டு மரபில் இது கிடையாது. அங்கே பாட்டு என்றால் ஒற்றைக் குரல். ஷான்-நோஸ் என்பார்கள், பழைய முறை என்று அர்த்தம். வாத்தியம் இல்லை, துணைக்குரல் இல்லை. பாடுகிறவன் எந்த இடத்தில் நிற்பான், எந்தச் சுரத்தை வளைப்பான், எந்தச் சொல்லை இழுப்பான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். கேட்கிறவன் அவன் மூச்சுக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்று பேர் நெருங்கிப் பாடும்போது இது முடியாது. எங்கே ஏறுவது எங்கே நிற்பது என்று முன்கூட்டியே பேசி முடித்தாக வேண்டும். ஒருவர் திடீரென்று தொண்டை கம்மி நின்றால் மொத்தமும் சரிந்துவிடும். அதனால் யாரும் கம்முவதில்லை. ‘நான்’ என்ற சொல்லை மூன்று பேர் ஒரே நேரத்தில், ஒரே அளவில், ஒரே இனிப்பில் சொல்கிறார்கள். மூன்று பேர் சேர்ந்து சொல்கிற ‘நான்’ யாருடைய நானும் இல்லை. அதனால்தான் யார் வேண்டுமானாலும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ள முடிகிறது. ஊரே ஏறி உட்கார்ந்தது.

இதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டியது ஜான் ரெய்லியின் குரல். ராஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்ற ஊரில் இருந்த டிராவலர், தகர வேலைக்காரர். 1960களில் டாம் மனெலி என்ற சேகரிப்பாளர் அவரைப் பதிவு செய்தார். ஆராய்ச்சியாளர்கள் மக்கள் வாயிலிருந்து மறைந்தே போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்த ஒரு பழைய கதைப்பாட்டு அவர் வாயில் உயிரோடு இருந்தது. கிணற்றடியில் தண்ணீர் கேட்கிற ஒரு வழிப்போக்கன், புதைத்த பிள்ளைகள், வெளியே சொல்ல முடியாத முறைகெட்ட உறவு. டிராவலர்களே பாடத் தயங்குகிற பாட்டு. அதை ரெய்லி தனியாக, முரட்டுத் தொண்டையில், ஏற்றம் இறக்கம் காட்டாமல், ஒரு செய்தி சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போகிறார். இனிமை என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு யாரும் ஏறி உட்கார முடியாது.

1969இல் ரெய்லி செத்துப்போனார். நாற்பது சொச்சம் வயசு. நிமோனியா என்று சொன்னார்கள். குளிரும் பட்டினியும் என்று சொல்லியிருக்கலாம். அவர் பாட்டுகள் பிறகு கிறிஸ்டி மூர் வழியாகப் பிளாங்ஸ்டி குழுவுக்குப் போயின. 1973இல் அந்தக் கிணற்றுப் பாட்டின் பேரிலேயே அவர்கள் ஒரு முழுத் தட்டு வெளியிட்டார்கள். ரெய்லியிடமிருந்து கற்றதை மூர் மறைத்ததில்லை, திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் கணக்கு கணக்குதான்: ரெய்லியின் சொந்தக் குரல் தனித் தட்டாக வந்தது 1978இல், அவர் போய் ஒன்பது வருசம் கழித்து.

ஒரு எதிர்ப்பேச்சு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. நாட்டார் பாட்டு எல்லாருக்கும் சொந்தம், அதில் போய் யார் பாடினார் என்று சாதிச் சான்றிதழ் கேட்கலாமா என்பார்கள். தமிழில் ஒருகாலத்தில் இந்த வகைப் பாட்டுக்கு ‘நாடோடிப் பாடல்’ என்றே பேர். பாட்டு நாடோடியாக இருக்கலாம், யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆள் நாடோடியாக இருந்தால்தான் போலீஸ் வரும். 2002இல் அயர்லாந்து ஒரு வீட்டுவசதிச் சட்டம் போட்டது. அனுமதியில்லாத நிலத்தில் வண்டியை நிறுத்தித் தங்குவது அதன்படி குற்றம், வண்டியையே பறிமுதல் செய்யலாம். முதலிடம் பிடித்த அந்தப் பாட்டில் வருகிற வாழ்க்கை மொத்தமும் இந்தச் சட்டத்தில் குற்றப் பத்திரிகை ஆகிவிடும்.

இன்னொரு விசயம் இதைவிடச் சுவாரசியமானது. டிராவலர்களே அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். மக்கால் எழுதியது என்பதே தெரியாமல், தங்கள் பாட்டன் காலத்துப் பாட்டு என்றே பாடினவர்கள் உண்டு. எழுதினவர் வெளியாள், பிரபலமாக்கினவர்கள் வெளியாட்கள், ஆனால் ‘நான்’ மட்டும் உரியவன் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. அப்படியானால் என் வாதம் விழுந்துவிட்டதா? விழவில்லை. வண்டி நிறுத்த இடம் இல்லாதவன் பாடும்போது அந்தக் கடைசிக் காற்று வேறு மாதிரி அடிக்கிறது. முடியப்போகுது என்று அவன் பாடிக்கொண்டிருக்கிற வரைக்கும் முடியவில்லை என்றுதானே அர்த்தம். பாட்டில் ஒரு எழுத்து மாறவில்லை. நிற்கிற இடம் மாறியிருக்கிறது.

அந்த ‘நான்’ பாட்டோடும் நிற்கவில்லை. நான் ஜாய்ஸ் என்ற டிராவலர் பெண் (பேரே நமக்கு அப்படி அமைந்திருக்கிறது) 1982 பொதுத் தேர்தலில் டப்ளினில் நின்றார். தோற்றார். 1985இல் ‘டிராவலர்’ என்ற பேரில் அவருடைய வாழ்க்கைக் கதை புத்தகமாக வந்தது. ஏக்கப் பாட்டுகளில் கிடைக்காதது அதில் கிடைக்கும்: ஈரத் துணி, சாகிற பிள்ளைகள், வாசலில் பிச்சை கேட்கிற அவமானம், நடுவில் நல்ல சிரிப்பு. தன் மக்கள் போற்றத்தக்கவர்கள் என்று அவர் எங்கும் அலங்காரம் பண்ணுவதில்லை. ஜான்ஸ்டன்ஸ் தட்டைக் கேட்டு உருகுகிறவர்கள் கையில் முதலில் இந்தப் புத்தகத்தைத் திணிக்க வேண்டும் என்பது என் ஆசை.

2015 அக்டோபரில் டப்ளினுக்குப் பக்கத்தில் கேரிக்மைன்ஸ் என்ற இடத்தில் டிராவலர்களின் தற்காலிகக் குடியிருப்பு தீப்பிடித்து, குழந்தைகளும் பெரியவர்களுமாகப் பத்துப் பேர் செத்தார்கள். நாடே அழுதது. மிஞ்சினவர்களுக்குப் பக்கத்தில் ஒரு இடம் ஒதுக்கியபோது அங்கே இருந்த குடியிருப்பவர்கள் வழியை மறித்து நின்றார்கள். அழுகைக்கும் மறியலுக்கும் நடுவில் சில நாட்கள்தான். 2017 மார்ச் 1 அன்று பிரதமர் என்டா கென்னி நாடாளுமன்றத்தில் எழுந்து டிராவலர்கள் தனி இனக்குழு என்று அரசு ஏற்பதாக அறிவித்தார். 1963 அறிக்கை மறுத்ததை ஒத்துக்கொள்ள 54 வருசம் ஆகியிருக்கிறது.

2019இல் அயர்லாந்தின் டிஜி4 தொலைக்காட்சி மரபிசைக்குக் கொடுக்கிற விருதில், அந்த வருசத்தின் பாடகராக தாமஸ் மெக்கார்த்தியைத் தேர்ந்தெடுத்தது. டிராவலர் குடும்பம், தாய்வழியில் தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டுகள். வாத்தியம் வைத்துக்கொள்வதில்லை. கூடப் பாட ஆளும் வைத்துக்கொள்வதில்லை. சுரத்தை வளைத்து, நினைத்த இடத்தில் நிறுத்தி, அடுத்த சொல்லை எப்போது சொல்வார் என்று நம்மைக் காக்க வைக்கிறார்.