காலி மனை என்கிற புனைவு: பள்ளிக்கரணையை முன்வைத்து

பொக்லைன் வருவதற்கு வெகுநாள் முன்பே சதுப்பு நிலத்தின் மீது ஒரு சொல் வந்து விழுந்துவிடுகிறது: ‘காலி’. வருவாய்த்துறைப் பதிவேடு, நகரமைப்பு வரைபடம், ஞாயிற்றுக்கிழமைத் தாளில் முழுப்பக்கத்துக்கு வரும் அடுக்கக விளம்பரம் - இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால், மூன்றும் ஒரே பிரதியின் மூன்று படிகள் என்பது தெரியவரும். காலனிய நிலவரிக் கணக்கில் வரி கட்டாத நிலம் ‘புறம்போக்கு’. கணக்குக்குப் புறம்பானது நாளடைவில் பயனுக்கும் புறம்பானதாக அர்த்தப்பட்டது. ஊர்க்காரர் வாயில் அதற்குக் ‘கழுவெளி’ என்று பேர் இருந்தது. அங்கே மீன் பிடித்தார்கள், மாடு மேய்த்தார்கள், புல் அறுத்தார்கள். பதிவேட்டில் அந்தப் பேருக்கும் இடமில்லை, அந்தத் தொழில்களுக்கும் இடமில்லை.

பள்ளிக்கரணையை இப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது சின்னத் துண்டு. பெருங்குடிக் குப்பைமேடு, அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள், பறக்கும் ரயில், கணிப்பொறிக் கம்பெனிகள், அப்புறம் அவற்றில் வேலை பார்க்கிறவர்களுக்கான அடுக்ககங்கள் என்று ‘காலி’ வரிசையாக நிரப்பப்பட்டது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இவை போராடிப் பெற்றவை, குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கோட்டுக்கு உள்ளே இருப்பது வாழிடம் என்று சொன்ன அதே கணத்தில், கோட்டுக்கு வெளியே இருப்பது மறுபடியும் ‘காலி’ ஆகிவிடுகிறதே, அதை என்ன செய்வது?

சதுப்பை வெறும் இடமாகப் பார்ப்பதில்தான் சிக்கல். அது தண்ணீர் வந்து தங்கிப் போகிற ஒரு நடப்பு. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழை, ஏரி ஏரியாக நிரம்பி இங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. பூநாரைக்கு ஆழமில்லாத நீர் வேண்டும். உள்ளானுக்குச் சேறு தெரிய வேண்டும். இலைக்கோழிக்கு மிதக்கிற இலை வேண்டும். எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் இவற்றின் வீட்டு விலாசம். எல்லைக்கு வெளியே, சட்டப்படி சுத்தமாக, ஆறடி மண் கொட்டி மேடாக்கிச் சுற்றுச்சுவர் எழுப்பினால் போதும். உள்ளே ஒரு செங்கல்கூட விழாமல் வாழிடம் செத்துப்போகும். மேடாக்க வசதியில்லாத பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் புகும். 2015இலும் 2023இலும் அந்தச் சுற்றுவட்டாரம் இதைப் பார்த்தது.

சட்டங்களின் மௌனங்களையும் வாசிக்க வேண்டும். 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டர் தொடங்கிப் பெரிய கட்டுமானங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்றது. ஆனால் கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குத் தந்துவிட்டது. ஆயிரம் வீடு கட்ட ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. 2017ஆம் வருஷத்து ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே நீக்கின. நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. ஆக, சதுப்புக்குத் தண்ணீர் தருகிற ஏரி ஈரநிலம் இல்லை! ஒவ்வொரு திட்டமும் தன் மனைக்குள் மழைநீர்த் தொட்டியையும் மரக்கன்றையும் காட்டித் தனித்தனியாகப் பாஸாகிவிடுகிறது. பத்துத் திட்டம் சேர்ந்து என்ன பண்ணும் என்ற கேள்வி கோப்புக்குள் நுழைவதேயில்லை.

இங்கேதான் ‘பறவையா, மனுஷனா’ என்ற கேள்வி வரும். ஏழைக்கு வீடில்லாத நாட்டில் நாரைக்கு என்ன வக்காலத்து என்று முற்போக்கு நண்பர்களே கேட்கிறார்கள். சரி, யாருக்கு, எங்கே வீடு என்று பார்ப்போம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் - நகரத்துக்குள்ளிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் கொண்டுவந்து போடப்பட்ட இடங்கள் இவை. 2015 வெள்ளத்துக்குப் பின், ஆபத்து என்று சொல்லி ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றியவர்களை, வெள்ளம் வந்து தங்கும் பெரும்பாக்கத்தில் குடிவைத்தார்கள். தனக்கு வேண்டாத குப்பையையும் வேண்டாத மனிதர்களையும் அனுப்ப நகரம் அதே ‘காலி’ இடத்தைத்தான் கண்டது. ஆக, பறவையும் இவர்களும் எதிரெதிர்த் தரப்பல்ல; ஒரே வரைபடம் இரண்டு பேரையும் நெருக்குகிறது. சூழலியல் சொல்லாடலையும் விட்டுவிட முடியாது. குடிசை என்றால் ‘ஆக்கிரமிப்பு’ என்று உடனே வாய் வருகிற பலருக்கு, பட்டாவோடு நிற்கும் பதினைந்து மாடி கண்ணில் படுவதில்லை.

வேறு மாதிரித் திட்டமிட முடியாதா? இங்கிலாந்தில், லண்டனுக்குத் தென்மேற்கே, தேம்ஸ் வடிநிலத்துப் புதர்வெளிகள் 2005இல் பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாயின. தரையிலும் தரையை ஒட்டியும் கூடு கட்டுகிற மூன்று இனங்கள் அங்கே முக்கியம், பக்கி அதிலொன்று. எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் பொதுவாகப் புதுக் குடியிருப்பு கூடாது. வீட்டுப் பூனை அதற்கு ஒரு காரணம். 5 கிலோமீட்டர் வரை வீடு கட்டினால், 1,000 பேருக்குக் குறைந்தது 8 ஹெக்டேர் கணக்கில், நாயோடு உலாவ மாற்றுப் பசுவெளி வேண்டும். முதலில் வாழிடத்தின் கணக்கு, பிறகு வீட்டின் கணக்கு என்ற வரிசை நமக்குப் பாடம். அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. நாயோடு நடப்பவரை வேறு பூங்காவுக்குத் திருப்பலாம்; மழை நாம் சொன்ன பக்கம் போகாது.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டரிலும் கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது. அக்டோபரில் பெரும்பாக்கத்துப் பெரிய அடுக்ககத் திட்டம் ஒன்றுக்கு உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடைகள் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் நாம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மனை மனையாக அல்லாமல் வடிநிலம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு அனுமதி தீர்மானிக்கப்பட வேண்டும். பெரிய குடியிருப்புகளுக்கும் கருத்துக்கேட்பு வேண்டும். செம்மஞ்சேரிக்காரர்கள் அதில் முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

திணை பற்றி நாம் கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்திருக்கிறோம். நிலம், பொழுது, பறவை, மரம், தொழில், ஆட்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கருத்தாக்கம் அது. பொழுது இல்லாத நிலமும் ஆளில்லாத நிலமும் அதில் கிடையாது. அதைப் பழம்பெருமைக்கு மட்டும் வைத்துக்கொண்டால் விளம்பரக்காரன் எடுத்துக்கொள்வான், ‘நெய்தல் வில்லா’ என்று பேரும் வைப்பான். அடுத்த அடுக்ககத்தின் அனுமதிக் கோப்பில் ‘காலி நிலம்’ என்ற வரி எங்கே வருகிறது என்று தேடிப் படிப்பதும் விமர்சகரின் வேலைதான்.