உரிமமில்லாச் செயற்கைக்கோள் கருவி: தண்டனையின் அளவும் நியாயமும்

2022 ஜூலையில் உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், மலர்ப் பள்ளத்தாக்கைப் பார்க்க வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரைப் போலீஸார் கைது செய்தார்கள். செயற்கைக்கோள் போன் ஒன்றை உரிமம் இல்லாமல் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. ஏறக்குறைய ஒரு வாரம் அவர் சிறையில் இருந்தார். பின்னர் நீதிமன்றம் விதித்த தண்டனை 1,000 ரூபாய் அபராதம்.

குற்றத்தை எடைபோட்ட நீதிபதிக்கு அது ஆயிரம் ரூபாய்க் குற்றமாகத்தான் தெரிந்திருக்கிறது. தீர்ப்பு வருவதற்கு முன்பே சட்ட நடைமுறை அவருடைய சுதந்திரத்தில் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. நடைமுறையே தண்டனையாக மாறும் இந்த நிலைக்குக் காரணம் அந்த ஊர்ப் போலீஸார் அல்ல; சட்டத்தின் அமைப்பு. அந்த அமைப்பைத்தான் இங்கே சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் தந்தியை அமைக்கவும் இயக்கவும் உள்ள தனி உரிமையை 4 ஆவது பிரிவில் அரசுக்கே கொடுத்தது. அனுமதியின்றிக் கம்பியில்லாத் தந்தியை இயக்கினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 20 ஆவது பிரிவு. 1933 ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. இயக்கவே வேண்டாம், உரிமம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம் என்றது. வெறுமனே அலைகளை வாங்கும் கருவிக்கு முதல் முறை 100 ரூபாய், அடுத்த முறைகளுக்கு 250 ரூபாய் அபராதம். அலைகளை அனுப்பும் கருவியாக இருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கருவி ஒருவருடைய பொறுப்பில் இருப்பதாகவோ அவருடைய கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில் இருப்பதாகவோ தெரிந்தால் அவரிடமே அது இருந்ததாக நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மேல் எல்லை 3 ஆண்டு சிறை. அபராதத்தின் உச்சம் 1,000 ரூபாய். சமோலியில் விதிக்கப்பட்டது அந்த உச்சத் தொகைதான். இன்றைய பண மதிப்பில் அது ஒன்றுமே இல்லை. சிறையோ வாழ்க்கையையே புரட்டிப்போடும். இரண்டுக்கும் இடையே நீதிபதி கையில் எடுக்க ஒரு நடுத்தரமான தண்டனை இல்லை. பணக்கார நிறுவனத்தை அந்த அபராதம் தொடாது. தெரியாமல் தவறிய தனிமனிதரை அந்தச் சிறை நசுக்கிவிடும்.

கைது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதற்கும் பதில் அந்த 3 என்ற எண்ணிலேயே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63 ஆவது பிரிவில் வரும், 3 ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையைப் பற்றி 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது: அத்தகைய குற்றத்தில் போலீஸார் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது. அதே தர்க்கத்தை 1933 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பொருத்தினால், பையில் கருவி இருந்த பயணியும் திட்டமிட்டு மறைவாகத் தொலைத்தொடர்பு நடத்துபவரும் கைதாகும் நேரத்தில் ஒரே தட்டில்தான் வைக்கப்படுகிறார்கள்.

2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தை வகுத்தவர்கள் இந்தக் கோணலை உணர்ந்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை வழங்குவோருக்கும் வலையமைப்பை நிறுவுவோருக்கும் 42 ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமில்லாத சேவை என்று தெரிந்தே பயன்படுத்துவோருக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை. அனுமதியின்றி வானலைக் கருவியை வெறுமனே வைத்திருந்தால் முதல் முறை 50,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 2 லட்சம் ரூபாய் வரை, சிறை இல்லை. நடத்துபவர், பயன்படுத்துபவர், வைத்திருப்பவர் என்று மூன்று படிகள். குற்றத்தின் கனத்துக்கு ஏற்பத் தண்டனையும் இறங்கிவருகிறது. இந்தத் துறையில் நம் நாட்டில் எழுதப்பட்ட நியாயமான பகுப்பு இதுதான்.

சிக்கல் அமலாக்கத்தில் வந்தது. 2024 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் 42 ஆவது பிரிவு இருந்தது. அனுமதி முறையை வகுக்கும் 3 ஆவது பிரிவும், தண்டத்தொகை விதிக்கும் தீர்வு அதிகாரிகளைப் பற்றிய பிரிவுகளும், பழைய சட்டங்களை நீக்கும் 60 ஆவது பிரிவும் அந்தப் பட்டியலில் இல்லை. கடுமை முதலில் வந்தது, தளர்வு பின்தங்கியது. 2025 தொடக்கத்தில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், செயற்கைக்கோள் போன்களுக்கு உள்ள தடையைப் பயணிகளிடம் எடுத்துச் சொல்லுமாறு விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியபோதும் மேற்கோள் காட்டப்பட்டவை 1885, 1933 ஆம் ஆண்டுச் சட்டங்கள்தான். அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2024 டிசம்பரில், கோவா விமான நிலையத்தில் மலையேற்றக்காரர்கள் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் என்ற அவசர உதவிக் கருவிக்காக வெளிநாட்டவர் ஒருவர் பிடிபட்டிருந்தார். நாடாளுமன்றம் தண்டத்தொகை போதும் என்று முடிவெடுத்த செயலுக்கு, ஓராண்டு கழிந்தும் பழைய சிறை அச்சமே காத்திருந்தது.

உரிம முறையே தேவையில்லை என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவிவிடக் கூடாது. அதற்கு வலுவான காரணங்கள் உண்டு. முதல் காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கின்றன. தரையிலிருந்து சமிக்ஞையை ஏற்றும் வி.சாட் டிஷ் சற்றுக் கோணம் தவறினாலோ, அளவுக்கு மீறிய சக்தியில் இயங்கினாலோ, அடுத்த செயற்கைக்கோளில் யாரோ நடத்தும் வங்கிப் பரிவர்த்தனையும் ஒளிபரப்பும் குலையும். யார், எங்கிருந்து, எந்த அலைவரிசையில் ஏற்றுகிறார்கள் என்ற பதிவு இல்லாவிட்டால் தவறு செய்யும் டிஷ்ஷைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்களும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். இந்தியாவில் பேசும் ஒரு அழைப்பு, இந்திய மண்ணில் எங்கும் இறங்காமல் செயற்கைக்கோள் விட்டுச் செயற்கைக்கோள் தாவி அமெரிக்காவிலுள்ள தரை நிலையத்தில் போய் இறங்கலாம். முறையான உத்தரவே இருந்தாலும் இந்தியப் புலனாய்வு அமைப்பால் அதை இடைமறிக்க முடியாது. இன்மார்சாட் போனுக்கு இங்கே அனுமதி கிடைப்பதற்குக் காரணம், காசியாபாத்தில் பி.எஸ்.என்.எல். நடத்தும் தரை நிலையம் வழியாக அந்த அழைப்புகள் செல்வதுதான். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் கைவிட்டுப் போன குபேர் படகில் துரயா செயற்கைக்கோள் போன் கிடைத்தது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் ஏறக்குறைய 6,000 கிலோ போதைப்பொருளுடன் பிடிபட்ட படகில் ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையக் கருவி இருந்தது. அப்போது அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் உரிமமே கிடையாது. இந்த அச்சத்தைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

மூன்றாவது காரணத்தை உச்ச நீதிமன்றமே தந்தது. 1993 இல் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட்டை ஒளிபரப்ப வெளிநாட்டு நிறுவனம் கொண்டுவந்த கருவிகள் சுங்கத்துறையிடம் சிக்கியதும் சேர்ந்து எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வானலைகள் பொதுச் சொத்து, ஆகவே ஒழுங்குமுறை தேவை என்றது நீதிமன்றம். அந்த ஒழுங்குமுறை அரசின் ஏகபோகமாக இருக்கக் கூடாது என்பதும், அது பேச்சுரிமைக்கு உட்பட்டது என்பதும் அதே தீர்ப்பின் மறுபாதி. இந்த மறுபாதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு, 2025 இல் ஸ்டார்லிங்க் பயன்படுத்துவோருக்கு 2 ஆண்டு வரை சிறை என்று சட்டம் நிறைவேற்றிய ஈரான் நாடாளுமன்றமே சான்று.

தண்டனை எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. அதன் ஒரு முனை ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது. 2018 ஜனவரி 12 அன்று பி.எஸ்.எல்.வி. சி-40 ராக்கெட்டில் ஏறிய செயற்கைக்கோள்களில் ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 4 சிறு செயற்கைக்கோள்களும் இருந்தன. அவை மிகச் சிறியவை, விண்ணில் கண்காணிப்பது கடினம் என்று சொல்லி, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு மாதத்துக்கு முன்புதான் அவற்றுக்கு அனுமதி மறுத்திருந்தது. நிறுவனம் அதை மீறி ஏவியது. அனுமதியில்லாமல் சமிக்ஞைப் பரிமாற்றமும் நடத்தியது. 2018 டிசம்பரில் 9 லட்சம் டாலர் கட்டவும், இனி விதிகளைக் கடைப்பிடிக்கிறதா என்ற கண்காணிப்புக்கு உட்படவும் ஒப்புக்கொண்டது. அமெரிக்கச் சட்டத்திலும் சிறைக்கு இடமுண்டு. ஆணையம் அந்த வழியில் போகவில்லை. 2019 இல் அதே நிறுவனத்துக்கு 150 செயற்கைக்கோள்களுக்கான உரிமத்தைக் கொடுத்தது. தெரிந்தே மீறிய, லாபம் கருதிய, வசதியுள்ள நிறுவனத்தின் மீது வலிக்கும் தொகை விழுந்தது. தண்டனை தவறைத் திருத்தியது, தொழிலை அழிக்கவில்லை. பயனாளர் கருவிகளுக்கும் அங்கே தனித்தனி உரிமம் இல்லை. 2020 இல் ஸ்டார்லிங்கின் 10 லட்சம் கருவிகளுக்கு நிறுவனத்தின் பெயரிலேயே ஒட்டுமொத்த உரிமம் தரப்பட்டது. பொறுப்பு சேவை நடத்துபவரிடம் நிற்கிறது, வீட்டுக் கூரைக்கு இறங்கவில்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு; அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கருவியை வைத்திருப்பதே குற்றம் என்றால்தான், சதி நிறைவேறும் முன்பே சந்தேகத்துக்குரியவரைப் பிடிக்க முடியும் என்பார்கள் பாதுகாப்புத் துறையினர். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் தேவைக்குச் சோதனையிடும் அதிகாரமும், கருவியைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும், விசாரிக்கும் அதிகாரமும் போதும். தீவிரவாதத்துக்கும் போதைக் கடத்தலுக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. அவற்றின் தண்டனைக்கு முன்னால் இந்த 3 ஆண்டு ஒரு பொருட்டே அல்ல. உயிரைப் பணயம் வைத்து வருபவரை அது தடுக்காது. உண்மையில் அது தடுப்பது, விமான நிலையச் சோதனையில் பையைத் திறந்து காட்டும் பயணியைத்தான்.

கருவியை வைத்திருப்பதுதான் எல்லைக்கோடு என்ற கருத்தும் காலாவதியாகிவருகிறது. 2022 இல் வந்த ஐபோன் 14 முதல், செயற்கைக்கோளுக்கு அவசரச் செய்தி அனுப்பும் திறன் சாதாரணக் கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. இந்தியாவில் அந்தச் சேவை திறக்கப்படவில்லை. ஆனால் திறன் கொண்ட கைபேசி பலரது சட்டைப்பையில் இருக்கிறது. அவர்களை யாரும் குற்றவாளிகளாகப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. அப்படியென்றால் குற்றத்தைத் தீர்மானிக்க வேண்டியவை கருவி எந்த வலையமைப்போடு பேசியது, யாருடைய அனுமதியோடு பேசியது, என்ன நோக்கத்தோடு பேசியது என்ற கேள்விகள்தான்.

கன்னியாகுமரிக் கடற்கரை மீனவர்களுக்கோ செயற்கைக்கோள் தொடர்பு உயிர்ப் பிரச்சினை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யப் போன படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்களிடம் இருந்த வி.எச்.எப். வயர்லெஸ் கரையிலிருந்து சில பத்துக் கடல் மைல்களுக்கு மேல் எட்டாது. இஸ்ரோவின் ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருந்தும், படகிலிருந்து கரைக்குத்தான் அதில் செய்தி வரும். கரையிலிருந்து பதில் போகாது. ஒக்கிக்குப் பிறகுதான் அரசே மானியத்தில் சில படகுகளுக்குச் செயற்கைக்கோள் போன் கொடுத்தது. பதிலும் அனுப்பவல்ல இரண்டாம் தலைமுறைக் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. 2024 இல் 1 லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் தொடங்கியது. உரிமத்தோடு வாங்கக்கூடிய கருவியைக் கட்டுப்படியான விலையில் கொடுக்காத அரசுக்கு, உரிமமில்லாக் கருவிக்காகச் சிறை என்று சொல்லும் தார்மீக உரிமை குறைவு. நடுக்கடலில் உதவி கேட்டு அழைக்கும் குரலைக் குற்றமாக எழுதும் எந்தச் சட்டமும் நியாயமான சட்டம் ஆகாது.

இத்தனையையும் நிறுத்துப் பார்த்தபின் என் முடிவு இது. உரிமம் தேவை என்ற கொள்கை சரி. கள்ளத்தனமாகச் சேவை நடத்துவோருக்கும், குற்றம் செய்வதற்காகவே மறைவான தொடர்பு வைத்திருப்போருக்கும் சிறையும் கோடிக்கணக்கான அபராதமும் சரி. கெட்ட நோக்கம் இல்லாமல் கருவியை வைத்திருந்ததற்காக மட்டும் சிறை என்பது தவறு. இந்த வேறுபாட்டை நாடாளுமன்றமே 2023 இல் ஏற்றுக்கொண்டு சட்டமாக எழுதிவிட்டது. எனவே புதிய தத்துவம் எதையும் தேட வேண்டியதில்லை. கருவி வைத்திருப்பதற்கான தண்டத்தொகைப் பிரிவுகள் முழுமையாகச் செயல்பட வேண்டும். 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு யாரையும் கைது செய்யும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும். விமான நிலையங்களில் கருவியைத் தாமாக ஒப்படைத்து, நாடு திரும்பும்போது பெற்றுச் செல்லும் ஏற்பாடு வேண்டும். ஆபத்தில் உதவி கேட்கும் கருவிகளுக்குப் பொது விலக்கு வேண்டும். ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும் சட்டப்படியான செயற்கைக்கோள் தொடர்பு மலிவாகக் கிடைக்க வேண்டும். இந்த ஐந்தையும் செய்த பிறகு மீறுவோரை அரசு எவ்வளவு கடுமையாகத் தண்டித்தாலும் மக்கள் அதை நியாயம் என்று ஏற்பார்கள்.