பல்பை அல்ல, விளக்கையே மாற்றுங்கள்

காசிமேட்டு அம்மன் திருவிழா, திருவொற்றியூர் மாசிப் பிரம்மோற்சவக் காலத்துக் கச்சேரி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் ஆயுதபூஜை மேடை என வடசென்னையில் எந்த விழாவானாலும் மேடைக்கு மெல்லிய கூர்ங்கற்றை வீசும் ‘ஷார்பி’ விளக்கு வேண்டும் என்கிறார்கள். அதற்குள் எரிவது 189 அல்லது 230 வாட் பாதரச டிஸ்சார்ஜ் பல்பு. கச்சேரி நடுவே அது அணைந்தால், விளக்குகள் தொங்கும் சட்டகத்தின் (டிரஸ்) மீது ஏறி அங்கேயே பல்பை மாற்றிவிடும் லைட்மேனைக் கெட்டிக்காரர் என்கிறோம். அந்தப் பாராட்டு சரிதானா என்று எடைபோட வேண்டியிருக்கிறது.

“கண்ணாடியைக் கையால் தொடாமல் துணியால் பிடித்தால் போதும்” என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் விதி. விதி உண்மையானதே. குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒட்டும் விரல் எண்ணெய், சூட்டில் அந்த இடத்தைப் பலவீனமாக்கும். 1200 வாட் எச்எம்ஐ, எம்எஸ்ஆர் போன்ற திறந்த பல்புகளுக்கு இதுவே தலையாய எச்சரிக்கை. ஷார்பியின் பல்போ பிரதிபலிப்பானுக்குள் பொதிந்து வருவது. விரல் படும் வாய்ப்பே குறைவு. அங்கே பெரிய ஆபத்து சூடும் அழுத்தமும்தான். எரியும்போது பாதரசம் ஆவியாகி உள்ளழுத்தம் வளிமண்டலத்தைவிடப் பல மடங்கு உயர்கிறது. ஆறிய பிறகுதான் அது தணியும். துணி இதற்குக் காவல் ஆகாது.

“பிளக்கைப் பிடுங்கிவிட்டேனே” என்பது அடுத்த சமாதானம். பல்பைப் பற்றவைக்க இக்னைட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட் தருவதால், மின்சாரத்தைத் துண்டிக்காமல் மூடியைத் திறக்கவே கூடாது. ஆனால் முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கினால் விசிறியும் நின்றுவிடும். சூடு உள்ளேயே தங்கும். முதலில் பல்பை மட்டும் அணைத்து, விசிறியைச் சுற்றவிட்டு, பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் முழுதும் காத்திருந்து, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து திறப்பதே முறை.

இந்தக் காத்திருப்புக்கு இரண்டு பாடல்களுக்கு இடையே நேரமில்லை. குறை லைட்மேனின் கையில் இல்லை, நிகழ்ச்சியின் அமைப்பில் இருக்கிறது. அவரை அவசரப்படுத்துவது ஒருங்கிணைப்பாளர். உதிரி விளக்கு தராமல் உதிரி பல்பை மட்டும் கொடுத்தனுப்புவது வாடகைக்கு விடுபவர்.

“எரியும்வரை எரியட்டும்” என்ற சிக்கனமும் நிற்காது. பெட்டியில் குறித்திருக்கும் சராசரி ஆயுளுக்கு, ஏறத்தாழ பாதி பல்புகள் அதற்குள் செயலிழந்துவிடும் என்று பொருள். அதைத் தாண்டிய பல்பு வெடித்தால், பிரதிபலிப்பானும் லென்ஸும் சேர்ந்து போகலாம். பல்பில் மிச்சம் பிடித்ததைவிடப் பெரிய செலவு அது.

எல்இடிக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீருமே என்பது வலுவான வாதம். பாதரசம் இல்லை, பல்பு மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் டிஸ்சார்ஜ் பல்பின் ஒளி மிகச் சிறிய மின்வில்லிலிருந்து பிறப்பதால் கற்றை மெலிதாகக் கூர்ந்து நிற்கிறது. அதற்கு ஈடான எல்இடி கருவியை வாங்க எல்லா வாடகைக்காரருக்கும் வசதி இல்லை. பழைய ஷார்பிகள் இன்னும் பல ஆண்டுகள் மேடை ஏறும்.

ஆகவே என் தீர்ப்பு இது: நிகழ்ச்சி நடக்கும்போது பல்பை மாற்றவே கூடாது. அணைந்த விளக்கு அப்படியே இருக்கட்டும். இடைவேளையில் பாதுகாப்பாக எட்ட முடிந்தால், முழு விளக்கையும் இறக்கி வேறொன்றை ஏற்றலாம். பல்பு மாற்றுவது குடோன் மேசையில், நல்ல வெளிச்சத்தில் நடக்கட்டும். துறைமுகத்து உப்புக்காற்றில் ஹோல்டரும் ஒயர் முனைகளும் கறுத்திருக்கின்றனவா, விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று அங்கேதான் நிதானமாகப் பார்க்க முடியும். மாற்றியதும் விளக்கில் பதிவாகும் பல்பின் மணிக்கணக்கை மறக்காமல் சுழியாக்க வேண்டும்.

தீர்ந்த பல்பைக் குப்பையில் போடாதீர்கள். 2001இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் மண்ணில் எவ்வளவு காலம் தங்கும் என்பதைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். விழாக் குழுவினரே, ஒப்பந்தம் பேசும்போது உதிரி விளக்கு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அதற்கான வாடகையையும் தயங்காமல் கொடுங்கள்.