கைப்பேசியில் தெரியும் எல்லைக்கோடு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மனை வாங்க நினைப்பவர்கள் இப்போது மூலப்பத்திரத்தைப் புரட்டுவதற்கு முன்பே கைப்பேசியில் சர்வே எண்ணைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் நிலத்தின் எல்லை கோடாக விழுகிறது. தாலுகா அலுவலக வாசலில் காத்துக் கிடந்த மக்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் அந்தக் கோட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் படம் சொல்வதில்லை. என் குறை அதுதான்.

முதலில் இந்த வரைபடத்தின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். வருவாய்த் துறைக்குச் சர்வே எண், மாநகராட்சிக்குக் கதவு எண், மின்வாரியத்துக்கு இணைப்பு எண் என்று ஒரே வீட்டுக்குப் பல அடையாளங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்த்து வைக்க இருப்பிடம் ஒன்றால்தான் முடியும். கொரட்டூர் ஏரியின் நீர்ப்பரப்புக்குள் எந்தெந்தச் சர்வே எண்கள் வருகின்றன என்று பதிவேடுகளை வைத்துத் தேடினால் நாள்கணக்கில் ஆகும். ஏரியின் எல்லையும் புலங்களின் எல்லையும் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற இலவசத் தரவுத்தளத்தில் ஏறியிருந்தால் ஒரே வினவல் போதும். 2015 சென்னை வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தை வைத்து ஓர் இணையப் பக்கத்தை உருவாக்கினார்கள். தண்ணீர் நின்ற தெருக்களைப் பொதுமக்களே அதில் குறித்தார்கள்.

சிக்கல் மூலத்தில் இருக்கிறது. நம் நில எல்லைகள் எஃப்எம்பி எனப்படும் புலப்படங்களிலிருந்து வந்தவை. கல்லுக்குக் கல் ஜி லைன் என்னும் நேர்கோடு போட்டு, அதிலிருந்து ஆப்செட் என்னும் பக்கவாட்டுத் தூரத்தை அளந்து எழுதியவை. பழைய அளவுகள் சங்கிலிக் கணக்கு. சங்கிலியின் ஒரு கண்ணியான லிங்க் என்பது 7.92 அங்குலம். அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றினால் ஒரு புலத்தின் வடிவம் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் அந்தப் புலம் பூமியில் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் கிடக்கிறது என்ற தகவல் பழைய புலப்படத்தில் கிடையாது. அதைப் பின்னால் பொருத்துகிறார்கள். அடுத்தடுத்த புலங்களை ஒட்டும்போது இங்கே இடைவெளி, அங்கே மேலேறல். 30 அடி அகல அரை கிரவுண்டு மனையில் கோடு 2 மீட்டர் நகர்ந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும். கைப்பேசியோ அதே கோட்டை மயிரிழையாகக் காட்டுகிறது. ஆறு தசம இடம் வரை ஆயத்தொலைவு எழுதினால் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நுணுக்கம் என்று பொருள். மூலத்தில் இல்லாத நுணுக்கம் அது.

இன்னும் மோசமானது அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகள். ஆவடி, பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்தில் வயலைக் கூறுபோட்டு விற்ற நகர்கள் எத்தனையோ. உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவிலேயே கிடப்பதால் தரவுத்தளத்தில் இன்னும் ஒரே புலம். தரையில் தெருவும் வீடும் தெருமுனைக் கோயிலும். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. மனை வரன்முறையானாலும் உட்பிரிவு ஏறாத வரை வரைபடத்துக்கு அந்த வீடுகள் இல்லை.

காலமும் ஒரு பரிமாணம்தான். அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அதே ஊர் 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. திருவள்ளூர் மாவட்டமே 1997இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்ததுதான். ஆவடி 2019இல் மாநகராட்சியானது. பழைய எல்லையை அழித்துப் புதியதை எழுதிவிட்டால் 1990இன் பத்திரத்தில் உள்ள மாவட்டப் பெயரைத் தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. நகர நில அளவை நடந்த இடங்களில் பழைய சர்வே எண் போய் வார்டு, பிளாக், டி.எஸ். எண் வந்துவிட்டது. இரண்டையும் இணைக்கும் அட்டவணை பொதுமக்கள் எளிதில் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது: கேள்வி எழுப்ப இந்த வரைபடம் அருமையான கருவி, எல்லைத் தகராறைத் தீர்க்கும் தகுதி அதற்கு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு புலத்தோடும் அது எப்போது அளக்கப்பட்டது, எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்ற இரண்டு தகவலை அரசு சேர்த்துக் காட்ட வேண்டும். அதுவரை, மனை வாங்குகிறவர்களே, முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வேயரை அழைத்துக் கல்லுக்குக் கல் அளந்து பாருங்கள்.