வந்தவர்க்கு இட்ட பெயர்கள்

புதிதாக வந்து சேர்ந்தவரைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை: றெஃபியூஜி, இமிக்ரன்ட், ஏலியன், நியூகமர், எக்ஸ்பாட். எல்லோரும் செய்த காரியம் ஓரிடம் விட்டு இன்னோரிடம் வந்ததுதான். ஸ்பெயினில் குடியேறும் ஆங்கிலேயர் எக்ஸ்பாட். இங்கிலாந்தில் குடியேறும் நாம் இமிக்ரன்ட். வந்தவருக்கு எவ்வளவு உரிமை கொடுப்பது என்பதையே இச்சொற்கள் தீர்மானிக்கின்றன என்பது என் வாதம்.

1685இல் பதினான்காம் லூயி நாந்த் ஆணையை இரத்துச் செய்ததும், பிரான்சிலிருந்து தப்பியோடிய புரட்டஸ்தாந்தியரோடு இங்கிலாந்து சேர்ந்த சொல் 'றெஃபியூஜி'. அன்று அதில் அனுதாபம் இருந்தது. கிழக்கைரோப்பிய யூதர்கள் வந்தபோது பிறந்ததோ 1905ஆம் ஆண்டின் ஏலியன்ஸ் சட்டம். 1951இன் ஜெனீவா சாசனம் அகதி என்ற பெயருக்கு ஓர் உரிமையைக் கொடுத்தது: ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பப்படாதிருத்தல். பெயருக்கு விலை வந்ததும் அரசுகள் அதைக் கொடுக்கத் தயங்கின. 'அசைலம் சீக்கர்' அந்தத் தயக்கத்தின் பிள்ளை. கேட்பவர், இன்னும் எதுவும் ஆகாதவர். 2009இலும் 2010இலும் தமிழரை ஏற்றிய இரு கப்பல்கள் கனடாவை அடைந்தன. 2012இல் அந்நாட்டுச் சட்டத்தில் 'டெசிக்னேற்றட் ஃபொறின் நாஷனல்' என்ற புதிய வகை நுழைந்தது. அதே நாடு விரும்பி அழைத்தவருக்கு வைத்திருக்கும் பெயர் நியூகமர்.

அகதிகளே அகதி என்ற பெயரை விரும்பாமல் நியூகமர் என்று தம்மை அழைத்துக்கொண்டதை ஹன்னா ஆரென்ட் 1943இலேயே எழுதினார். நம்மவரிடமும் அந்தக் கூச்சம் உண்டு. 'றெஃபியூஜி'யின் வேரில் புகலிடம் இருக்கிறது. 'அகதி'யின் வேரிலோ கதியின்மை. கூச்சத்துக்கு இதுவும் காரணமாகலாம்.

நிற்க. ஆங்கிலத்தை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்ப முடியாது. 'வந்தான் வரத்தான்' நமது சொல். மலையகத் தமிழரைத் 'தோட்டக்காட்டான்' என்றதும் நாமே. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்கள், புத்தளத்தில் பல்லாண்டு கழிந்தும் அகதி என்றே அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது நமது பெயரால் பேசிய துப்பாக்கி.

ஆயினும் அகதி என்ற சொல்லைக் கைவிடக்கூடாது என்பேன். 2021 ஒக்ரோபரில் தமிழர் சிலர் டியேகோ கார்சியாவில் கரையேறினர். ஜெனீவா சாசனம் அத்தீவுக்குப் பொருந்தாது என்றது பிரித்தானியா. அவர்களிற் பெரும்பாலோர் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட 2024 டிசம்பர் ஆயிற்று. மூன்று ஆண்டுகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டது இந்தச் சொல்லின் உரிமை. கடவுச்சீட்டுக் கிடைத்ததும் நாம் கூச்சத்தோடு உதறும் சொல்லும் அதுவே.