ஓரியின் அம்பும் மூழ்கிய கப்பலின் வில்லும்

தொம்மலூரில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஒரு நாள் வல்வில் ஓரியின் கதை. கொல்லிமலைத் தலைவன் விட்ட ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்று கையை வீசிச் சொல்லி முடித்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அங்கிள், அந்த வில்லு எந்த மரத்துல செஞ்சது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். 'சிலை' என்றால் வில். ஒருவகை மரத்துக்கும் அதே பெயர். சரி, அந்த மரத்தைக் காட்டில் கொண்டுபோய்க் காட்டு என்றால்?

வில் பற்றி நம் மலர்களில் வரும் கட்டுரைகளுக்கு ஓர் அச்சு உண்டு. சேரனின் விற்கொடியில் தொடங்குவோம். ஓரியின் அம்பை எய்வோம். பிறகு, இந்திய வீரனின் வில் அவன் உயரம் இருந்தது, காலை ஊன்றி வளைத்தான், அம்பு ஏறக்குறைய மூன்று முழம் என்று அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் சொன்னதை (அரியன் எழுதி வைத்தது) எடுத்து வந்து சேர்ப்போம். நியார்க்கஸ் கண்டது சிந்துக்கரை வீரர்களை. கொல்லிமலையை அவன் கனவிலும் கண்டதில்லை. ஆனாலும் 'உலகின் வலிய வில் தமிழன் வில்லே' என்று முடித்துக் கைதட்டு வாங்கிவிடுவோம். பிறரை மட்டும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானே இப்படியொரு கட்டுரை எழுதி, பொன்னாடையும் போர்த்திக்கொண்டவன்.

அந்தக் கூச்சத்தோடு படித்ததுதான் மேரி ரோஸ் கப்பலின் செய்தி. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான இது, 1545 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு அருகே, அரசன் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கவே கவிழ்ந்தது. 1982 அக்டோபர் 11 அன்று அதன் உடலைக் கடலுக்கு மேலே தூக்கினார்கள். சேறு மூடிக் காற்றுப் படாமல் கிடந்ததால் மரம் மக்கவில்லை. முழு வில்களே 137. அம்புகள் 3,500க்கு மேல். பல வில்கள் பெட்டியில் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. வில்லைப் பற்றி எத்தனையோ கதை பேசிய அந்த நாட்டில், அதற்கு முன் ஆராய்ச்சிக்குக் கையில் கிடைத்த பழைய போர்வில்கள் மிகச் சிலவே.

அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். எல்லாம் யூ என்னும் மரம். நீளம் சுமார் 1.87 முதல் 2.11 மீட்டர், அதாவது ஆளை விட உயரம். உள்மரம் வில்லின் வயிற்றுப் பக்கமும், வெளிமரம் முதுகுப் பக்கமும் வரும்படி செதுக்கியிருக்கிறார்கள். வயிறு அமுக்கத்தைத் தாங்கும், முதுகு இழுவையைத் தாங்கும். அசல் வில்லிலேயே நாண் ஏற்றி இழுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த வலு இல்லை. உடனே 'பழைய கதையெல்லாம் பொய்' என்று எழுதிவிடவில்லை. நானூறு ஆண்டு நீரில் ஊறிய மரத்தின் நார் தளர்ந்திருக்கும் என்று கணித்து, அதே மரத்தில் அதே அளவில் புது வில் செய்து இழுத்தார்கள். கணிப்பொறியிலும் கணக்குப் போட்டார்கள். நடிகர் ராபர்ட் ஹார்டி (ஆம், திரைப்பட நடிகரேதான், வில் ஆராய்ச்சியிலும் பெரிய கை), வில் செய்யும் கைவினைஞர், கணித அறிஞர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த வேலை இது. இழுவிசை 100 முதல் 185 பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். கப்பல் வெளிவரும் முன் வில் வல்லுநர்கள் நம்பியது 80 முதல் 110 பவுண்டுதான். இன்றைய ஒலிம்பிக் வீரர் இழுப்பது சுமார் 50. அடேயப்பா!

அப்படியானால் பழம்பெருமை பேசியவர்கள் ஜெயித்தார்களே என்பீர்கள். ஜெயித்தது உண்மைதான். ஆனால் அளந்த பிறகு ஜெயித்தார்கள்.

இன்னொன்று என்னை உறுத்தியது. அந்த அம்புகளில் மரத்தண்டு இருக்கிறது. இரும்பு முனைகளை உப்புநீர் ஏறக்குறைய முழுவதும் தின்றுவிட்டது. வில்நுனிக் கொம்புக் குப்பிகளில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. நம் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் இரும்பு அம்புமுனைகள் கிடைத்திருக்கின்றன; தண்டும் வில்லும் மண்ணாகிவிட்டன. அங்கே மரம், இங்கே இரும்பு.

அதனால் நம்மிடம் ஒன்றுமில்லை என்று கையை விரிக்க வேண்டியதில்லை. அம்புமுனையைத் தண்டில் செருகும் இடத்தின் குறுக்களவு, தண்டின் பருமனை ஓரளவு காட்டிக் கொடுக்கும். தண்டின் விறைப்பு வில்லின் வலுவுக்கு ஒத்துப்போக வேண்டும். மெல்லிய தண்டை முரட்டு வில்லில் வைத்தால் அம்பு நெளிந்து திசை மாறும், முறிந்தாலும் முறியும். ஆக, முனையின் எடையும் செருகுவாயின் அளவும் தெரிந்தால், இத்தகைய வில்லாக இருக்கலாம் என்று ஒரு வரம்பாவது கட்டலாம். துரு ஏறிய இரும்பில் எடையும் அளவும் மாறியிருக்கும். அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். செங்கம் நடுகற்களில் வில்லேந்திய வீரர்கள் நிற்கிறார்கள். ஆள் உயரத்துக்கு வில் எத்தனை பங்கு என்று அளக்கலாம். சிற்பி கல்லின் அகலத்துக்குத் தக்கபடி வில்லைச் சுருக்கியிருப்பான் என்ற எச்சரிக்கையோடு. வயநாட்டுக் குறிச்சியர் பழசிராஜாவின் பக்கம் நின்று கும்பினிப் படையை வில்லால் எதிர்த்தவர்கள். பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம். அவர்களிடம் போய் மரத்தையும் நாரையும் கேட்கலாமே.

எங்கள் தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலில் (பெருமாள் கோயில்தான், பெயரைப் பார்த்துச் சிவன் கோயில் என்று வந்து விழிப்பவர்கள் உண்டு) தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கன்னட நாட்டின் நடுவே தமிழ் எழுத்து என்று நாம் பெருமைப்படுகிறோம். லூயிஸ் ரைஸ் அவற்றை வரி வரியாகப் படியெடுத்து, எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியில் 1905இல் அச்சிட்டதால்தான் அந்தப் பெருமைக்குக் கையில் ஆதாரம் இருக்கிறது.

ஓரியின் பாட்டுக்கே வருகிறேன். புறநானூறு 152, வன்பரணர் பாடியது. ஐந்து விலங்கைத் துளைத்த அம்பு அதன் தொடக்கம் மட்டுமே. யாரென்று தெரியாத அந்த வேட்டுவனை 'ஓரியோ இவன்?' என்று பாணர்கள் ஐயுற்றுப் பாடுகிறார்கள். தன் பெயர் காதில் விழுந்ததும் அவன் நாணுகிறான். புழுக்கிய மானிறைச்சியும் மதுவும் தருகிறான். தன் மலைப் பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான். புகழ்ச்சிக்குக் கூசிய ஒருவனைப் பற்றிய பாட்டு ஐயா இது! அதைத்தான் நாம் கிழித்து, நம் புகழுக்கு வலிமைச் சான்றிதழ் ஆக்கிக்கொண்டோம். அம்பின் வேகத்தை உண்மையென்று சாதிக்கப் போய், அந்த நாணத்தைக் கோட்டைவிட்டோம். என் பொன்னாடைக் கட்டுரையில் பாட்டின் பின்பாதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை இப்போது எடுத்துப் பார்த்தபோது கண்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணிடம், "எந்த மரம்னு எனக்குத் தெரியலம்மா" என்றேன். மேரி ரோஸ் வில்களின் படத்தைக் காட்டினேன். அவள் ஸ்கேலை எடுத்து, இரண்டு மீட்டர் என்றால் எங்கள் கூடத்துச் சுவரில் எதுவரை வரும் என்று அளக்க ஆரம்பித்துவிட்டாள்.