கோட்டையில் நிறைவேறும் தீர்மானங்கள்

2013 மார்ச் 27 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதல்வர் ஜெயலலிதா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதை இந்தியா நிறுத்த வேண்டும், பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும், தனி ஈழம் பற்றி ஈழத் தமிழரிடையே பொது வாக்கெடுப்பு நடத்த ஐ.நா. பாதுகாப்பு அவையை வலியுறுத்த வேண்டும் என்றது அது. எட்டு நாள் முன்புதான் இதே பிரச்சினையை முன்வைத்து தி.மு.க. மத்திய அரசுக்கு அளித்த ஆதரவை விலக்கியிருந்தது. இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தத் தீர்மானத்தை எடைபோட முடியாது.

ஒரு மாநிலச் சட்டமன்றம் அயல்நாட்டு விவகாரத்தில் தலையிடலாமா? சட்டத்தைக் கேட்டால் பதில் சுருக்கமானது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் வெளியுறவும் உடன்படிக்கைகளும் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. சட்டமன்றத் தீர்மானம் டெல்லியைக் கட்டுப்படுத்தாது.

நடைமுறை அவ்வளவு சுருக்கமானதல்ல. அமெரிக்காவில் ஓர் உடன்படிக்கை நிற்க வேண்டுமானால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இந்தியாவில் நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடத் தேவையில்லை. 1974 ஜூனில் 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போனது இப்படித்தான். கையெழுத்தான பிறகு, ஆகஸ்டில், கருணாநிதி அரசு சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அந்த ஆண்டு ஜனவரி 31-இலேயே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுவிட்டது. இராமேசுவரத்து மீனவரின் பிழைப்பைப் பற்றிய முடிவு எழுதப்பட்டபோது, அவருக்காகப் பேச தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. இதை நினைத்துப் பார்க்கும் எவரும் தீர்மானம் போடுவதை வெறும் அதிகப்பிரசங்கித்தனம் என்று தள்ளிவிட முடியாது. மாநிலத்துக்கு இருக்கும் வாய் அது ஒன்றுதான்.

அந்த வாய்க்குப் பலனும் இருந்திருக்கிறது. 2009 மே மாதம், போர் முடிந்த கையோடு, ஜெனீவா மனித உரிமை அவையில் இந்தியா இலங்கை அரசின் பக்கம் நின்றது. 2012-லும் 2013-லும் அதே அவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை ஆதரித்து வாக்களித்தது. 2013 நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை. தமிழ்நாட்டின் அழுத்தம் இல்லாமல் இவை நடந்திருக்குமென்று நான் நம்பவில்லை. கூட்டணிக் கணக்கு மாறியதும் அழுத்தம் எடுபடவில்லை. 2014 மார்ச்சில் இந்தியா நடுநிலை வகித்தது.

ஹம்பாந்தோட்டை துறைமுகம் சீனாவிடம் போனதற்குத் தமிழ்நாட்டின் கூச்சலே காரணம் என்று டெல்லியில் சிலர் சொல்வதுண்டு. அதை ஏற்க முடியாது. சீனக் கடனில் அந்தத் துறைமுகப் பணி தொடங்கியது 2008 ஜனவரியில். நான் தொடக்கத்தில் சொன்ன ஈழத் தீர்மானம் அதற்குப் பின்னால் வந்தது.

உண்மையான பழுது வேறிடத்தில் இருக்கிறது. 2012 ஆகஸ்டு இறுதியில் கொழும்பிலிருந்து நட்புப் போட்டி ஆட வந்த பள்ளிக் கால்பந்து அணியை முதல்வர் திருப்பி அனுப்பச் சொன்னார். மைதானத்தை அனுமதித்த அதிகாரி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். சில நாளில், பூண்டி மாதா கோயிலுக்கு வந்திருந்த இலங்கை யாத்ரீகர்கள் போராட்டக்காரர்களுக்குப் பயந்து கிளம்ப வேண்டியதாயிற்று. திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அவர்களின் பேருந்துகள் மீது கல் விழுந்தது. மாதாவிடம் நேர்ந்துகொண்டு வந்த அந்தக் கூட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள். கல்லெறியச் சொல்லிச் சட்டமன்றம் தீர்மானம் போடவில்லைதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளையே விரட்டலாம் என்று கோட்டை காட்டிவிட்ட பிறகு, தெருவில் நிற்பவன் கையை யார் பிடிப்பது? கோயிலுக்கு வந்தவர்களை விரட்டுவது எந்த ஊர் நியாயம்? கோயிலை நம்பிப் பிழைக்கும் காஞ்சிபுரத்துக்காரனாக எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

இதைவிட மோசமானது, 1989 பிப்ரவரியில் வை. கோபாலசாமி செய்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்துகொண்டே படகேறி இரகசியமாக வன்னிக்குப் போய்ப் புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சந்தித்தார். இந்திய இராணுவம் அதே புலிகளோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய பற்றை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவையில் எழுந்து அரசைக் கண்டிப்பது வேறு, அரசுக்குத் தெரியாமல் எல்லை தாண்டிப் போவது வேறு. சீனப் போர் மூண்டபோது எங்கள் ஊர் அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையை ஒதுக்கி வைத்து நேரு அரசுக்குத் துணை நின்றதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

பிள்ளையார்பாளையத்துத் தறியில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓடும். கரைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் துணையாள் தன் நாடாவைத் தள்ளிக் கோக்காவிட்டால் சேலையே இல்லை. அவர் அவசரப்பட்டு இழுத்தால் கரை சுருங்கிவிடும், சேலை விலை போகாது. தமிழ்நாடு உட்கார்ந்திருப்பது கரைப் பக்கத்தில். உள்ளே இருப்பவர் கரையைக் கேட்காமல் நெய்ததுதான் 1974. கரையில் இருப்பவர் உள்ளே பார்க்காமல் இழுத்தது 2012.

சரியாகக் கோத்த நேரமும் உண்டு. 2022-இல் இலங்கை உணவுக்கும் மருந்துக்கும் தவித்தபோது, ஏப்ரல் 29 அன்று, உதவி அனுப்ப ஒன்றிய அரசின் அனுமதி கேட்டுச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை மருந்துகள். மொத்தம் 123 கோடி ரூபாய். மே 18-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. தமிழர், சிங்களவர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் போனது. அந்தத் தீவின் தமிழ்த் தலைவர்களும் அப்படித்தான் கேட்டிருந்தார்கள். சட்டமன்றம் கேட்டது, டெல்லி இசைந்தது, கப்பல் போனது.

கச்சத்தீவுத் தீர்மானங்களில் அக்கரைத் தமிழரைக் கேட்கும் இந்தப் பழக்கத்தைத்தான் காணோம். 1974, 1991, 2013, கடைசியாகப் பிரதமரின் கொழும்புப் பயணத்துக்கு முந்தைய 2025 ஏப்ரல் 2 என்று அவை வந்துகொண்டே இருக்கின்றன. மீனவர் கைதாவதும் படகு பறிபோவதும் உண்மையான துயரம். அதற்காகக் குரல் எழுப்புவது கடமை. ஆனால் தீவைத் திரும்பப் பெற்றால் மட்டும் மீன் வந்துவிடாது. நம் விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியைச் சுரண்டிவிட்டது. அதே மடியில் வலை அறுபட்டு நிற்பவர்கள் யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளின் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடை செய்தது. அதே ஆண்டு இங்கே இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு ஒன்றியம் பாதியும் மாநிலம் 20 சதவீதமும் தருவதாகத் திட்டம். மூன்றாண்டில் 2,000 படகுகள் என்ற இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. மீன்வளம் மாநிலத்தின் கையில் இருக்கும் துறை. இதைப் பேச டெல்லியின் அனுமதி வேண்டாம்.

நம் உறுப்பினர்களிடம் கேட்பது ஒன்றுதான். தீர்மானம் போடுங்கள், போடாமல் இருக்க வேண்டாம். அடுத்ததை எழுதும் முன் இராமேசுவரத்து மீனவரையும் நெடுந்தீவு மீனவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, இருவர் சொல்வதையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.